திறக்காமலே தெரிந்துகொள்வது

காலை ஒன்பதரை மணி. போனின் முகப்புத் திரையில் இருக்கும் வானிலை விட்ஜெட் 31 டிகிரி என்கிறது. இப்போது வெளியே 31 டிகிரி என்றுதான் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். ஆனால் அந்த எண் ஒன்பது மணிக்கோ அதற்கும் முன்னாலோ எழுதப்பட்டதாக இருக்கலாம். எழுதிய செயலி எழுதி முடித்த கையோடு ஓய்ந்துவிட்டது. இந்த நிமிடத்தில் அது இயங்கவும் இல்லை, இணையத்தோடு பேசவும் இல்லை. திரையில் இருப்பது அது விட்டுப்போன ஒரு படம்.

விட்ஜெட் என்றால் செயலியின் குட்டி வடிவம், முகப்பிலேயே ஓடிக்கொண்டிருப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். பார்வைக்கு அப்படித்தான் இருக்கிறது. அது ஓடுவதில்லை என்பதுதான் அதன் சூட்சுமம். விட்ஜெட்டால் நமக்குக் கிடைக்கும் வசதி, அது தரும் எரிச்சல் இரண்டுமே பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கின்றன. எந்தக் கேள்விக்குச் சற்றுப் பழைய படமே போதுமான பதிலோ, அந்தக் கேள்விக்குத்தான் விட்ஜெட் உதவும். மற்றவற்றுக்குச் செயலியைத் திறந்தே ஆக வேண்டும்.

போனுக்கு வருமுன் விட்ஜெட் கணினியில் பல அவதாரம் எடுத்துப் பார்த்தது. 1984 ஜனவரியில் வந்த முதல் மெக்கின்டாஷுக்கு நினைவகம் 128 கிலோபைட். ஒரு நேரத்தில் ஒரே ஒரு செயலிதான் ஓடும். கடிதம் அடித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு கூட்டல் போட வேண்டுமென்றால் கடிதத்தைச் சேமித்து, மூடி, கணக்குச் செயலியைத் திறந்து, முடித்து, மறுபடி கடிதத்துக்கு வர வேண்டியிருந்திருக்கும். இந்த அவதியைத் தவிர்க்க ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டும் அவருடைய சகாக்களும் ‘டெஸ்க் ஆக்சஸரி’ என்ற சிறு நிரல்களைச் சேர்த்தார்கள். கால்குலேட்டர், கடிகாரம், எண்களை நகர்த்தி அடுக்கும் ஒரு புதிர் என்று சில. ஓடும் செயலியைக் கலைக்காமல் அதன் மேலேயே இவை வந்து நிற்கும்.

அந்தக் கால்குலேட்டருக்கு ஒரு கதை உண்டு. அதை வடிவமைத்த கிறிஸ் எஸ்பினோசா எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு குறை கண்டுபிடித்தார். கோடு தடிமன் சரியில்லை, பொத்தான் பெரியது, பின்னணி கருமை. அலுத்துப்போன எஸ்பினோசா, இவை எல்லாவற்றையும் மெனுவிலிருந்தே மாற்றிக்கொள்ளும்படி ஒரு நிரலை எழுதி ஜாப்ஸிடமே கொடுத்துவிட்டார். பத்து நிமிடம் மாற்றி மாற்றிப் பார்த்த ஜாப்ஸ் ஒரு வடிவத்தில் வந்து நின்றார். மேக் ஓஎஸ் 9 காலம் வரை அந்த வடிவம்தான் புழக்கத்தில் இருந்தது. சின்ன விஷயத்தைத் தினமும் பார்க்கப்போகிறவருக்கு அதன் தோற்றம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பிற்பாடு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 2003இல் கான்ஃபாபுலேட்டர் என்ற மென்பொருள் மேக் திரையில் வானிலையையும் பங்குச்சந்தையையும் மிதக்கவிட்டது. 2005இல் ஆப்பிள் ‘டாஷ்போர்டு’ கொண்டுவந்தது. 2007இல் விண்டோஸ் விஸ்டாவின் வலப்பக்க ஓரத்தில் ‘கேட்ஜெட்’கள் வரிசை கட்டின. எதுவும் நிலைக்கவில்லை. 2012இல் மைக்ரோசாஃப்டே தன் கேட்ஜெட்களை அணைத்துவிடச் சொல்லி எச்சரித்தது. 2019இல் ஆப்பிள் டாஷ்போர்டை நீக்கியது.

கணினியில் தோற்ற ஒன்று போனில் எப்படி வேரூன்றியது? கணினித் திரையின் முகப்பு எப்போதும் மூடிக்கிடக்கும் இடம். அதன் மேல் நான்கைந்து ஜன்னல்கள் திறந்திருக்கும். அவற்றை ஒதுக்கினால்தான் கேட்ஜெட் கண்ணில் படும். வானிலையைப் பார்க்க இரண்டு ஜன்னலை ஒதுக்குவதற்குப் பதில் உலாவியில் இன்னொரு தாவலைத் திறந்துவிடலாமே. போனில் நிலைமை தலைகீழ். அங்கே பெரும்பாலும் ஒரு செயலிதான் திரை முழுவதையும் பிடித்திருக்கும். 1984 மெக்கின்டாஷின் நிலைதான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக முகப்பு வழியாகத்தான் பெரும்பாலும் போகிறோம். ஒரு நாளில் பல பத்து முறை நாம் கடக்கும் நாற்சந்தி அது. விட்ஜெட்டைத் தேடி யாரும் போவதில்லை, போகிற வழியில் கண்ணில் படுகிறது.

இன்னொரு காரணம் உள்கட்டமைப்பில் இருக்கிறது. விண்டோஸ் கேட்ஜெட் என்பது முழு நிரல். பயனாளருக்கு உள்ள உரிமைகள் எல்லாம் அதற்கும் உண்டு. கெட்ட எண்ணத்தோடு எழுதப்பட்ட கேட்ஜெட் கணினியையே கைப்பற்றலாம். 2012 எச்சரிக்கைக்குக் காரணம் இதுதான். 2009 ஏப்ரலில் வெளியான ஆண்ட்ராய்டு 1.5, வெளியார் எழுதும் விட்ஜெட்களுக்கு இடம் கொடுத்தபோது வேறு வழியைத் தேர்ந்தது. முகப்புத் திரையை வரைவது லாஞ்சர் என்ற தனிச் செயலி. வானிலைச் செயலி தன் நிரலை லாஞ்சருக்குள் ஓட்ட முடியாது. ஒரு குறிப்பை மட்டும் எழுதி அனுப்பலாம்: இந்த இடத்தில் இந்த எழுத்து, அந்த இடத்தில் மேகப் படம், தொட்டால் இந்தப் பக்கம் திறக்கட்டும். லாஞ்சர் அந்தக் குறிப்பின்படி வரைந்துகொள்கிறது. குறிப்பில் என்னென்ன சொல்லலாம் என்பதற்கும் ஒரு பட்டியல் உண்டு. எழுத்துப் பெட்டி, படம், பொத்தான், முன்னேற்றப் பட்டை, கடிகாரம், நகரும் பட்டியல் என்று அடங்கிவிடும். பட்டியலில் இல்லாததைக் கேட்டால் லாஞ்சர் வரையாது.

இந்தப் பட்டியலில் கடிகாரம் இருப்பதைக் கவனியுங்கள். நிமிட முள் நகர வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு நிமிடமும் செயலியை எழுப்பினால் பேட்டரி தாங்காது. ஆகவே கடிகாரத்தை ஓட்டும் வேலையை லாஞ்சரே எடுத்துக்கொள்கிறது. செயலி ஒருமுறை “இங்கே ஒரு கடிகாரம்” என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

ஆப்பிள் 2014இல் அறிவிப்புத் திரையின் ஓரத்தில் விட்ஜெட்களை அனுமதித்தாலும், முகப்புக்கு அவற்றைக் கொண்டுவந்தது 2020 செப்டம்பரில், ஐஓஎஸ் 14இல்தான். பதினோரு ஆண்டு பிந்தி வந்தாலும் யோசித்து வந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே செயலி ஒரே ஒரு படத்துக்குப் பதில் ஒரு நேர அட்டவணையையே கொடுத்துவிடுகிறது: ஏழு மணிக்கு இதைக் காட்டு, ஏழரைக்கு இதை, ஒன்பதுக்கு இதை. ஐபோன் அவற்றை முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொண்டு, நேரம் வந்ததும் மாற்றிவிடும்.

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரும் இதே ஏற்பாடுதான். அச்சகம் 365 நாளுக்கான தாளையும் ஒரே தடவை அடித்து அனுப்பிவிட்டது. நாம் செய்வதெல்லாம் காலையில் ஒன்றைக் கிழிப்பது. தமிழ்க் காலண்டர் செயலிகளின் விட்ஜெட்டை இந்தக் கண்ணோடு பார்த்தால் விட்ஜெட்டுக்கென்றே பிறந்த விஷயம் அது என்பது விளங்கும். ராகு காலத்தை எடுத்துக்கொள்வோம். காலை ஆறு முதல் மாலை ஆறு வரையான பகலை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒன்றரை மணி நேரம். திங்கள் 7.30 முதல் 9, சனி 9 முதல் 10.30, வெள்ளி 10.30 முதல் 12, புதன் 12 முதல் 1.30, வியாழன் 1.30 முதல் 3, செவ்வாய் 3 முதல் 4.30, ஞாயிறு 4.30 முதல் 6. நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு. ஒரு நிரலாளரின் கண்ணுக்கு இது இணையமே தேவைப்படாத, எப்போது மாறும் என்று முன்பே தெரிந்த, நாளுக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் கேட்கப்படும் கேள்வி. வாரத்துக்கு ஒருமுறை செயலி எழுந்து அட்டவணை எழுதினால் போதும். நோன்புக் காலத் தொழுகை நேரம், சூரிய உதயம், ரயில் கால அட்டவணை, பிறந்தநாள், தவணை கட்டவேண்டிய தேதி எல்லாம் இதே ரகம்.

கிரிக்கெட் ஸ்கோர் இதற்கு நேர் எதிர். ஆண்ட்ராய்டில் ஒரு விட்ஜெட் தானாகப் புதுப்பித்துக்கொள்ள இயங்குதளம் வழங்கும் வழக்கமான ஏற்பாட்டில் மிகக் குறைந்த இடைவெளி 30 நிமிடம். ஐபோனில் அடிக்கடி பார்க்கப்படும் விட்ஜெட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 முதல் 70 புதுப்பிப்புகள் கிடைக்கும் என்று ஆப்பிள் சொல்கிறது. டி20 ஆட்டத்தில் அரை மணி நேரம் என்றால் ஆறேழு ஓவர். விட்ஜெட் 82க்கு 1 என்று காட்டிக்கொண்டிருக்கும்போது மைதானத்தில் நான்காவது விக்கெட் போயிருக்கும். இப்படிப்பட்ட விட்ஜெட் இல்லாமலிருப்பதே மேல், ஏனென்றால் பொய்யான நிம்மதியைத் தருகிறது. இந்தக் குறையை ஆப்பிளும் உணர்ந்திருக்க வேண்டும். 2022 இறுதியில் ‘லைவ் ஆக்டிவிட்டி’ என்று வேறொன்றைக் கொண்டுவந்தது. ஆட்டம், வாடகைக் கார், உணவு டெலிவரி போல ஆரம்பமும் முடிவும் உள்ள சமாச்சாரங்களுக்கு மட்டும் அது. அதிகபட்சம் எட்டு மணி நேரம் உயிரோடிருக்கும்.

நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால்தான் என்ன? தரவு கொஞ்சம்தானே, சில கிலோபைட். செலவு தரவில் இல்லை, ரேடியோவில் இருக்கிறது. போனுக்குள் இருக்கும் மோடம் கோபுரத்தோடு பேசி முடித்ததும் உடனே அடங்குவதில்லை; இன்னும் ஏதாவது வருமோ என்று சில வினாடிகள் விழிப்பிலேயே காத்திருக்கும். அந்தக் காத்திருப்பு பத்து வினாடி என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 48 புதுப்பிப்புக்கு 480 வினாடி, எட்டு நிமிடம். நிமிடத்துக்கு ஒன்று என்றால் 1,440 புதுப்பிப்பு, 14,400 வினாடி. நான்கு மணி நேரம் மோடம் சும்மா விழித்திருக்கும், அதுவும் ஒரே ஒரு விட்ஜெட்டுக்காக. அப்படி ஓடி ஓடிக் கேட்டாலும் வானிலையில் புதிதாக எதுவும் கிடைத்துவிடாது. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் போன்ற உலக வானிலை மாதிரிகளே நாளுக்கு நான்கு முறைதான் புதுக் கணிப்பு போடுகின்றன.

இந்தச் சிக்கனம் சில போன்களில் அளவு மீறிப்போவதும் உண்டு. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் சில, நெடுநேரம் திறக்காத செயலியைப் பின்னணியில் எழவே விடாது. அப்போதுதான் விட்ஜெட்டில் நேற்றைய தேதி உறைந்து நிற்கும். விட்ஜெட் கெட்டுப்போய்விட்டது என்று அழித்து அழித்து மறுபடி வைப்பதில் பயனில்லை. அமைப்புகளில் அந்தச் செயலிக்குரிய பேட்டரி கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதில் ஒரு வேடிக்கை: விட்ஜெட் நன்றாக வேலை செய்தால் செயலியைத் திறக்க மாட்டோம், திறக்காததால் போன் அதை வேண்டாத செயலி என்று முடிவுகட்டிவிடுகிறது.

போனின் கணக்கு இது. பார்ப்பவரின் கண்ணுக்கும் ஒரு கணக்கு உண்டு. விழித்திரையின் நடுவே ஃபோவியா என்ற சிறு குழி இருக்கிறது. துல்லியமான பார்வை அங்கே மட்டும்தான். அதன் வீச்சு சுமார் 2 டிகிரி கோணம். போனை 30 செ.மீ. தள்ளிப் பிடித்தால் திரையில் அது ஒரு செ.மீ. அகல வட்டம். சுண்டுவிரல் நகத்தளவு. அதற்கு வெளியே எல்லாம் மங்கல், கண் தாவித் தாவிப் பொறுக்கிச் சேர்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு தாவலுக்குப் பின்னும் ஏறத்தாழ கால் வினாடி நிற்கும். பெரிதாக ஒற்றை எண் எழுதிய விட்ஜெட்டுக்கு ஒரு தாவல், மிஞ்சினால் இரண்டு. ஐந்து வரிச் செய்தி உள்ள விட்ஜெட்டுக்கு இருபது தாவலாவது வேண்டும். அதற்குப் பெயர் படிப்பது. படிக்க வேண்டுமென்றால் செயலியையே திறந்துவிடலாம். நல்ல விட்ஜெட்டின் எழுத்து அழகுக்காக மட்டும் பெரிதாக இருப்பதில்லை.

வட்டங்களைப் பற்றி ஒரு புகார் எனக்கு உண்டு. 1984இல் வில்லியம் கிளீவ்லாண்ட், ராபர்ட் மெக்கில் என்ற இரு புள்ளியியலாளர்கள் வரைபடங்களை மனிதர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று சோதித்தார்கள். ஒரே அடிக்கோட்டில் நிற்கும் பட்டைகளை ஒப்பிடுவதில் நாம் கெட்டி, கோணத்தை மதிப்பிடுவதில் சுமார். ஆனால் பேட்டரி, நடந்த அடிகள், குடித்த தண்ணீர் என எதற்கெடுத்தாலும் விட்ஜெட்டில் ஒரு வளையம். 70 சதவீதமா 80 சதவீதமா என்று வளையத்தைப் பார்த்துச் சொல்வது கடினம். நடுவே எண்ணையும் எழுதிவைப்பதால் தப்பிக்கிறார்கள். ஒரு நேர்ப் பட்டை எண் இல்லாமலே சொல்லியிருக்கும்.

நேர மிச்சம் எவ்வளவு? 1980இல் ஸ்டூவர்ட் கார்டு, தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் மூவரும் கணினியில் ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து அளந்தார்கள். விசையை அழுத்தக் கால் வினாடி அளவே ஆகிறது. ஆனால் “அடுத்து என்ன செய்ய வேண்டும்” என்று மனம் தயாராவதற்கு 1.35 வினாடி. மேசைக் கணினிக்குச் சொன்ன அளவு, போனுக்கு எழுத்துக்கெழுத்து பொருந்தாது. இருந்தாலும் அந்த விகிதம் யோசிக்க வைக்கிறது. செயலியைத் திறந்து பார்ப்பதில் விரலுக்கு வேலை குறைவு. எந்தப் பக்கத்தில் ஐகான், உள்ளே எந்தத் தாவல், எதைத் தொடுவது என்று மனம் மூன்று தடவை தயாராக வேண்டியிருக்கிறது. விட்ஜெட் அந்த மூன்றையும் அழித்துவிடுகிறது. அதைவிடப் பெரிய மிச்சம் கணக்கில் வராதது. மழை வருமா என்று பார்க்கத் திறந்தவர் விளம்பரம், வீடியோ, புயல் படம் என்று சுற்றிவிட்டு, எதற்கு வந்தோம் என்பதையே மறந்து வெளியே வருவதுண்டு. முகப்பில் பார்த்தவருக்கு அந்த வாசலே திறக்கவில்லை.

திறக்காமல் தெரிய வைப்பது ஓர் ஆராய்ச்சிப் பொருளாகவே ஒரு காலத்தில் இருந்தது. கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் நடாலி ஜெரெமிஜென்கோ என்ற கலைஞர், எட்டடி நீளப் பிளாஸ்டிக் கயிறு ஒன்றை உத்தரத்தில் ஒரு சின்ன மோட்டாரில் தொங்கவிட்டார். மோட்டார் அலுவலகத்தின் நெட்வொர்க் கம்பியோடு இணைக்கப்பட்டிருந்தது. தகவல் போகப்போகக் கயிறு துடிக்கும். நெட்வொர்க்கில் நெரிசல் என்றால் விர்ரென்று சுழலும், ஓய்வாக இருந்தால் எப்போதாவது ஒரு சிலிர்ப்பு. யாரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. ஆனால் நெட்வொர்க் நிலவரம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதே ஆய்வகத்தின் மார்க் வைசரும் ஜான் சீலி பிரவுனும் 1995இல் ‘அமைதியான தொழில்நுட்பம்’ பற்றி எழுதியபோது முதன்மை உதாரணமாக எடுத்துக்கொண்டது இந்தக் கயிற்றைத்தான்.

இன்றைய செயலி நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் அந்த அமைதி உவப்பானதல்ல. எத்தனை பேர் இன்று திறந்தார்கள் என்பதில்தான் அவர்களுடைய வருமானம் இருக்கிறது. திறக்காமலே பதில் சொல்லும் விட்ஜெட்டைக் கொடுப்பது அவர்களுக்குக் கைநட்டம். செய்தி விட்ஜெட்டுகள் பலவற்றில் தலைப்பு பாதியில் நிற்பது இடப்பற்றாக்குறையால் மட்டுமல்ல என்பது என் சந்தேகம். மொழி கற்பிக்கும் டியோலிங்கோவின் விட்ஜெட் இன்னும் சாமர்த்தியமானது. அன்றைய பாடத்தை முடிக்காவிட்டால் நேரம் ஆக ஆக அதிலுள்ள ஆந்தையின் முகம் மாறிக்கொண்டே வரும். தகவல் என்று பார்த்தால் ஒன்றுமில்லை, நச்சரிப்புதான். படிக்க வேண்டும் என்று தானே விரும்பி வைத்துக்கொண்டவருக்கு அது உதவும் என்பதையும் மறுக்க முடியாது.

விட்ஜெட்டுக்கு இட வாடகையும் உண்டு. ஐபோனின் வழக்கமான முகப்புப் பக்கத்தில் குறுக்கே நான்கு, நெடுக்கே ஆறு என 24 ஐகான்களுக்கு இடம். சின்ன விட்ஜெட் 4 ஐகானின் இடத்தையும், நடுத்தரம் 8ஐயும், பெரியது 16ஐயும் எடுத்துக்கொள்ளும். பெரிய விட்ஜெட் ஒன்றை வைத்தால் பக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அதற்குத் தகுதியானது எது என்று கேட்டால் மாதக் காலண்டரைத் தவிர வேறெதையும் என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை. திரையின் மேல் ஓரத்தில் மணி தெரிந்துகொண்டிருக்கும்போது அதற்குக் கீழே இன்னொரு பெரிய கடிகாரம் எதற்கு என்பதும் எனக்குப் புரியாத விஷயம், பார்வை மங்கிய முதியவரின் போனாக இருந்தாலொழிய.

அந்த முதியவருக்குத்தான் விட்ஜெட் எல்லோரையும்விட அதிகம் பயன்படுகிறது. அதுவும் எதையும் புதுப்பிக்காத, காட்டுவதற்குச் செய்தி ஒன்றுமே இல்லாத ஒரு விட்ஜெட். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் தொடர்புகள் செயலியோடு ‘நேரடி டயல்’ என்று ஓர் ஐகான் அளவில் ஒன்று வரும். முகப்பில் வெற்றிடத்தை அழுத்திப் பிடித்து, விட்ஜெட் பட்டியலில் அதைத் தேர்ந்து, யாருடைய எண் என்று காட்டிவிட்டால், அவருடைய படம் முகப்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தொட்டால் அழைப்பு போய்விடும். எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டிக்கு மகன், மகள், பக்கத்துத் தெரு மருமகள், ஆட்டோக்காரர் என்று நான்கு முகங்கள் போதும், “எந்தப் பச்சையை அமுக்கணும்டா?” என்ற கேள்வி எழாது. வைத்துக் கொடுக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். தொடர்பில் முகம் பளிச்சென்று தெரியும் படத்தை முதலிலேயே சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பெயரின் முதல் எழுத்துதான் வரும். இரண்டு சிம் உள்ள போனில் அழைப்புக்கு எந்த சிம் என்பதை அமைப்புகளில் நிரந்தரமாக்கிவிட வேண்டும்; இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் போன் அதைக் கேட்டு நிற்கும், பாட்டி வைத்துவிடுவார். முகங்களைத் திரையின் மேற்பாதியில் வைக்க வேண்டும். போனைக் கையில் எடுக்கும்போதே கட்டை விரல் படும் கீழ்வரிசையில் வைத்தால், அமெரிக்காவிலிருக்கும் மகனுக்கு நள்ளிரவில் மணி அடிக்கும்.